விடைத்தாள் திருப்பித் தரப்படும் நேரம்: தேர்வு அச்சமும் ஒப்பீட்டு வழக்கமும்

பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017 மே மாதம் கைவிட்டது. அடுத்த கல்வியாண்டிலேயே பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தியதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கியது. இடையில், 2019-ல் அறிவிக்கப்பட்ட ஐந்து, எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டன. இவை ஒவ்வொன்றும் பிள்ளைகளின் சுமையைப் பற்றிய விவாதத்தோடு வந்தவை. ஆனாலும் மார்ச் மாதம் பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிசைவது நிற்கவில்லை. தேர்வு அச்சம் பெருமளவுக்கு உருவாவது, ஆண்டு முழுவதும் பெரியவர்கள் மதிப்பெண்ணைக் கையாளும் விதத்தில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். பிள்ளைக்கு மனத்தளவில் உதவ நினைப்பவர்கள் அந்த இடத்தில் கை வைக்காமல், தேர்வு மாதத்தில் மட்டும் ஆறுதல் சொல்லிப் பயனில்லை.

தேர்வு அச்சத்துக்கு இரண்டு கூறுகள் உண்டு என்று உளவியல் ஆய்வாளர்கள் லீபர்ட்டும் மோரிஸும் 1967-ல் காட்டினார்கள். ஒன்று உடலின் பதற்றம்: நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். மற்றொன்று கவலை: ‘தோற்றால் என்ன ஆகும், யார் என்ன சொல்வார்கள்’ என்று மனத்துக்குள் ஓடும் பேச்சு. மதிப்பெண்ணைக் கூடுதலாகக் குறைப்பது இந்த இரண்டாவதுதான். பின்வந்த ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. கணக்கின் அடுத்த வரியை நினைவில் வைத்திருக்க வேண்டிய மனத்தின் ஒரு பகுதியை அந்தப் பேச்சு பிடித்துக்கொள்கிறது. மூச்சுப் பயிற்சி படபடப்பைத் தணிக்கும், அது நல்லதே. ஆனால் ‘யார் என்ன சொல்வார்கள்’ என்ற கேள்வி வெளியிலிருந்து வந்தது. அதற்கான பதிலும் வெளியில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது.

சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையும் புறநகர் ரயிலும் வளர்த்த ஊர் இது. அரசுப் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சி.பி.எஸ்.இ. பள்ளி எல்லாம் அருகருகே இருப்பதால் ஒரே தெருப் பிள்ளைகள் மூன்று விதமான பள்ளிகளுக்குப் போகிறார்கள். தாம்பரத்துக்கோ கிண்டிக்கோ வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பைப் பற்றித் தெரிவதெல்லாம் கைப்பேசிக்கு வந்துசேரும் மதிப்பெண்தான். அரசு நிறுத்திய தரவரிசை இங்கே இடம் மாறிக்கொண்டது. பள்ளி வாசல் பிளெக்ஸிலும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் அது தொடர்கிறது. இவற்றையெல்லாம் விட ஆழமாகப் பதிவது, வகுப்பில் ஸ்லிப் டெஸ்ட் விடைத்தாள் திருப்பித் தரப்படும் அந்த ஐந்து நிமிடம். பெயரையும் மதிப்பெண்ணையும் உரக்கப் படித்து, அதிகத்திலிருந்து குறைவுக்கு அடுக்கிய தாள்களை ஒவ்வொன்றாகக் கொடுப்பது பல வகுப்புகளில் இயல்பான பழக்கம். கட்டு மெலிய மெலிய, இன்னும் கூப்பிடப்படாத பிள்ளைக்குத் தன் இடம் தெரிந்துவிடுகிறது. எந்தக் கேள்வியில் எங்கே தவறினோம் என்பதைப் பார்க்கும் தெளிவு அதன் பிறகு அதற்கு இருக்காது. ஆண்டுக்குப் பல முறை இது நடந்தால், மார்ச் மாதத்துக்குள் அந்தப் பிள்ளைக்குத் தேர்வும் அவமானமும் ஒன்றாகவே பழகிப்போயிருக்கும்.

‘கொஞ்சம் பயம் இருந்தால்தான் படிப்பார்கள்’ என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. அளவான தூண்டுதல் உதவும் என்பதற்கு யெர்க்ஸும் டாட்சனும் 1908-ல் செய்த ஆய்வைக் காட்டுவது வழக்கம். அது எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த ஆய்வு. வேலை கடினமாகும்போது குறைவான அதிர்ச்சியே நன்றாகக் கற்கவைத்தது என்பதும் அதன் முடிவுகளில் ஒன்று. பயத்துக்காக வாதாடுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பிளஸ் டூ இயற்பியல் எளிய வேலை அல்லவே. 562 ஆய்வுகளைத் தொகுத்து ஹெம்ப்ரீ 1988-ல் எழுதிய கட்டுரையும், அச்சம் குறையும்போது மதிப்பெண் உயர்கிறது என்றே காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. நுழைவுத்தேர்வு ஒழிந்த பிறகு பொறியியல் இடம் கிடைப்பது 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃபில் இருக்கிறது. அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறிப்போகும். அப்படியிருக்க, ஒப்பீட்டை மறைத்து வளர்ப்பது பிள்ளையை ஏமாற்றுவதாகாதா? முதல் தலைமுறையாகப் படிக்கவைக்கும் பெற்றோர் இதைக் கேட்கும்போது அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இடம் ஒதுக்கும் தேர்வு வேறு, கற்பிக்கும் தேர்வு வேறு. அடிக்கடி சோதித்துக்கொள்வது பாடத்தை நினைவில் நிறுத்துகிறது என்று ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் நிறுவினார்கள். ஆகவே வாராந்திரத் தேர்வு இருக்கட்டும். அதன் மதிப்பெண் யாருக்கும் எந்த இடத்தையும் பெற்றுத்தருவதில்லை. அதை ஊரறியச் சொல்வதால் யாருக்கு என்ன பயன்? தாளை மடித்துத் தனித்தனியே கொடுத்து, தவறிய ஒரு கேள்வியை அந்தப் பிள்ளையையே மறுபடி எழுதவைப்பதற்கு ஆசிரியருக்குக் கூடுதலாக ஆகும் நேரம் சிறிதே.

ஆலோசகர்களும் 104, 14416 போன்ற உதவி எண்களும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கலாம். 2022-ல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. காரணங்கள் பல, தேர்வு மட்டுமே அல்ல. ஆயினும் இந்த எண்ணுக்கு முன்னால் அந்தச் சேவைகளைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. தூக்கம் கெட்டு, சாப்பாட்டை ஒதுக்கி, சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அங்கே வகுப்பறைச் சீர்திருத்தம் மருந்தாகாது. ஆனால் ஆலோசகரிடம் பேசிவிட்டு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளை மறுபடியும் அதே விடைத்தாள் கட்டின் முன்தான் உட்கார வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கின்றன. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்ற அதே தீர்ப்பு, மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரிப்பதையும் பலர் முன் அவமதிப்பதையும் தவிர்க்கச் சொல்கிறது. அரசுப் பள்ளிகளில் இதைப் பேசப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இக்குழுவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. எனவே பிளெக்ஸ் அதிகமாகத் தொங்கும் பள்ளிகளில்தான் பெற்றோருக்கு இக்குழு வழியாகப் பேச இடமில்லை. சட்டம் திருத்தப்பட வேண்டிய இடம் அது. அதுவரை, பிள்ளையின் படத்தைப் பிளெக்ஸில் போட அனுமதி கேட்டு வரும்போது மறுக்கும் உரிமையாவது பெற்றோர் கையில் இருக்கிறது.