கிழமைக்குக் கிழமை கட்டின ஒளி

ஓ.எல் விஞ்ஞானப் பாடத்தோட பௌதிகவியலுக்கும் எனக்கும் இருந்த தொடர்பு முடிஞ்சுது எண்டுதான் நினைச்சிருந்தேன். கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற எனக்கு லேசரோட என்ன வேலை? ஆனா விஞ்ஞான வரலாறு பற்றி ஓர் ஒப்படை செய்யப் போய், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில நியூபோர்ட் நியூஸ் எண்ட நகரத்தில இருக்கிற ஜெபர்சன் ஆய்வுகூடத்தின் கதைக்குள்ள மாட்டுப்பட்டுப்போனேன்.

என்னை இழுத்தது லேசர் இல்லை. அதைக் கட்டினவை கிழமைக்கொருக்கா தங்கட முன்னேற்றத்தை எழுதி வைச்சிருந்தினம் எண்டதுதான். நாங்கள் படிச்ச விஞ்ஞான வரலாறு எப்பவும் ஒரு வருசம், ஒரு பெயர், ஒரு கண்டுபிடிப்பு எண்டு ஒரே வசனத்தில முடிஞ்சிடும். 1895, ரொன்ட்ஜன், எக்ஸ் கதிர். பரீட்சைக்கு அது காணும். ஆனா ஒரு வருசத்தில 52 கிழமை இருக்கே, மிச்சக் கிழமைகளில என்ன நடந்தது? இந்தக் கட்டுரை அந்த மிச்சக் கிழமைகளைப் பற்றியது.

முதல்ல அந்தச் சாமானைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண லேசரில ஒளி வாறது அணுவுக்குள்ள கட்டுப்பட்டிருக்கிற இலத்திரன்களில இருந்து. அதனால ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சில நிறங்கள்தான். இங்க இலத்திரன்கள் அணுவை விட்டு வெளியில வந்து சுதந்திரமாப் பறக்கின்றன. அதனால இதுக்குப் பெயர் சுதந்திர இலத்திரன் லேசர். ஒளியின் வேகத்தை நெருங்கி வாற இலத்திரன்களை வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு எண்டு மாறி மாறி அடுக்கின காந்தங்களுக்கு நடுவில விடுவினம். அவை பாம்பு மாதிரி நெளிஞ்சு போகும். ஒவ்வொரு நெளிவிலும் ஒளி கக்கும். அந்த ஒளி ரெண்டு கண்ணாடிகளுக்கு இடையில போய்ப் போய் வந்து, அடுத்து வாற இலத்திரன் கூட்டத்தோட தாளம் சேர்ந்து பலக்கும். இலத்திரன்களின் சக்தியை மாத்தினா ஒளியின் அலைநீளமும் மாறும். விரும்பின நிறத்தைத் தெரிவு செய்யலாம் எண்டதுதான் இதன்ர விசேஷம்.

நெளிய விட்டா ஒளி வரும் எண்டதை 1950களின் தொடக்கத்திலேயே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில ஹான்ஸ் மொட்ஸ் காட்டியிருந்தார். அதே பல்கலைக்கழகத்தில ஜோன் மேடி எண்ட இளம் பௌதிகவியலாளர், அதை லேசராக்கலாம் எண்டு 1971இல் ஒரு கட்டுரையில எழுதினார். அவருடைய குழு வெளியில இருந்து விட்ட ஒளியை இப்பிடிப் பெருக்கிக் காட்டினது 1976இல். கருவி தானாகவே லேசராக இயங்கினது 1977இல். ஒரு நல்ல யோசனை வேலை செய்யுது எண்டு காட்டவே ஆறு வருசம் போயிருக்கு.

ஜெபர்சன் ஆய்வுகூடத்துக்காரர் எடுத்த வேலை வேற. லேசர் வேலை செய்யுமா எண்டது அவையின்ர கேள்வி இல்லை. அதைப் பெரிய வலுவில, விடாமல் ஓட வைக்கலாமா எண்டதுதான் கேள்வி. அதுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. காந்தங்களுக்குள்ளால போற இலத்திரன், தன்ர சக்தியில ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒளியாக் குடுக்கும். மிச்சத்தோட போய்ச் சுவரில மோதி வீணாகும். மாவிடிச்சு ஒரு பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுற கதைதான்.

இதுக்கான விடை 1965இலேயே எழுதப்பட்டிருந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரி டிக்னர், பாவிச்ச இலத்திரன்களின் சக்தியை ஆர்முடுக்கியே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் எண்டு சொல்லியிருந்தார். ஊஞ்சலை நினைச்சுப் பாருங்கோ. சரியான நேரத்தில தள்ளினா அது உயரும். எதிர் நேரத்தில பிடிச்சா அதன்ர வேகம் உங்கட கைக்கு வரும். அதே மாதிரி இலத்திரன்களை ஒரு சுற்றுப் பாதையில திருப்பிக்கொண்டு வந்து, அரைத் தாளம் பிந்தி ஆர்முடுக்கிக்குள்ள விட்டா, அவை தங்கட சக்தியை அங்கயே விட்டிட்டுப் போகும். அந்தச் சக்தி அடுத்து வாற இலத்திரன்களுக்கு.

1998 ஜூனில அங்க முதல் ஒளி வந்தது. அப்ப சக்தி மீட்பு இல்லை. இலத்திரன்கள் நேராப் போய் வீணாகின. அப்பிடிக் கிடைச்சது 311 வாற்று. பிறகு சுற்றுப் பாதையைப் பாவிச்சு, இலத்திரன் கற்றையின் வலுவில ஏறக்குறைய 75 வீதத்தை மீட்டு, 1999இல் 1,720 வாற்று எடுத்தினம். ஒரு மின்சாரக் கேத்தல் இழுக்கிற அளவுதான். ஆனா அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு அகச்சிவப்புக் கற்றையா வருது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பிறகு 2001 முடியிற நேரம் அந்த இயந்திரத்தை நிப்பாட்டி, பெரிசாக்கித் திரும்பக் கட்டினவை. 2004இல் 10 கிலோவாற்று. 2006இல் 14 கிலோவாற்று.

பாருங்கோ, நானும் கடைசியில வருசமும் எண்ணும்தான் எழுதிக்கொண்டு இருக்கிறேன்! இந்த எண்களுக்கு நடுவில இருந்த கிழமைகளுக்கு வருவம்.

இலத்திரன்கள் பிறக்கிற இடம் கலியம் ஆர்சனைட் எண்ட குறைகடத்தியில செய்த ஒரு சின்னத் தட்டு. அதில சீசியம் மெல்லிசாப் பூசி, பச்சை லேசர் ஒளியை அடிச்சா இலத்திரன் வரும. பாவிக்கப் பாவிக்க அந்தப் பூச்சு பழுதாகும். திரும்பப் பூசவேணும். அது நல்லா இருந்தாத்தான் மற்ற எல்லாம் ஓடும். அடுத்தது கண்ணாடி. கிலோவாற்றுக் கணக்கில ஒளி மோதேக்க, கண்ணாடி அதில ஒரு துளியை உறிஞ்சினாலும் சூடேறி வளைவு மாறும். வளைவு மாறினா தாளம் குழம்பும்.

இதில எனக்குப் பிடிச்ச ஒரு கதை இருக்கு. இலத்திரன் கூட்டங்கள் வளைவில திரும்பேக்க, அகச்சிவப்புக்கும் நுண்ணலைக்கும் இடையில இருக்கிற டெராஹேர்ட்ஸ் கதிர் தானாகவே வெளிவரும். அது அங்க 20 வாற்று அளவில வருது எண்டு 2002இல் 'நேச்சர்' சஞ்சிகையில வந்த கட்டுரை பெரிய செய்தியானது. அதுவரை அந்த வகைக் கதிரை அவ்வளவு பலமா ஒருத்தரும் எடுத்ததில்லை. ஆனா பெரிசாக்கின இயந்திரத்தில அதே கதிர் கண்ணாடிகளைச் சூடாக்கித் தொல்லை குடுத்தது. ஒரு கட்டுரையில சாதனையா இருந்தது, அடுத்த கிழமைகளின்ர வேலையில தலையிடியா மாறிச்சு.

பிறகு 2003 செப்டெம்பரில இசபெல் சூறாவளி. ஆய்வுகூடத்துக்கு நாட்கணக்கில மின்சாரம் இல்லை. அங்க இருக்கிற ஆர்முடுக்கிகள் நையோபியம் உலோகத்தில செய்தவை. திரவ ஹீலியத்தால மறை 271 பாகை செல்சியஸ் வரை குளிராக்கி வைச்சாத்தான் மின்தடை இல்லாம வேலை செய்யும். கரண்ட் போனதும் பெரிய ஆர்முடுக்கி மெல்ல மெல்லச் சூடேறி அறை வெப்பநிலைக்கு வந்திட்டுது. திரும்பக் குளிராக்கி ஓட வைக்கக் கிழமைகள் போச்சு. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த எங்களுக்கு, உலகத்தின்ர மிக நுணுக்கமான இயந்திரமும் ஒரு மின்கம்பியை நம்பித்தான் நிக்குது எண்டது வடிவா விளங்கும்.

இப்ப கொஞ்சம் கசப்பான கேள்வி. காசு ஆர் குடுத்தது? வேர்ஜீனியா மாநிலம் கட்டடத்துக்குக் குடுத்தது. தொழிற்சாலைகள் பிளாஸ்டிக், உலோக மேற்பரப்புகளைப் பதப்படுத்தலாம் எண்டு ஆர்வம் காட்டின. ஆனா பெரும் பங்கு அமெரிக்கக் கடற்படையின்ர. கப்பலை நோக்கி வாற ஏவுகணையை ஒளியால எரிக்கவேணும். கடல் காற்றில இருக்கிற ஈரப்பதம் எந்த அலைநீளத்தைக் குறைவா உறிஞ்சுமோ அதைத் தெரிவு செய்யவேணும். விரும்பின நிறம் தாற லேசரில அவைக்கு இருந்த ஆசை இதுதான். அதுக்கு முந்தி, 1980களில ரேகனின் 'நட்சத்திரப் போர்' திட்டமும் இதே வகை லேசருக்குக் காசு கொட்டியிருந்தது.

யுத்தம் முடியேக்க எனக்கு ஆறு வயசு. கடற்படை எண்ட சொல்லை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் நன்றியுரையில கண்டாலும் சும்மா கடந்து போக ஏலாது. கண்ணாடியைத் துடைச்ச, தட்டில சீசியம் பூசின அந்த ஆக்களை நான் ரசிச்சு வாசிச்சேன். ஆனா அந்த வேலை எதுக்காக எண்டதை மறைச்சு எழுதினா அது வரலாறு இல்லை, விளம்பரம். ரெண்டையும் ஒண்டாச் சொல்லத்தான் வேணும்.

முடிவு ஒருத்தரும் திட்டமிட்ட மாதிரி வரேல்ல. 2014இல் அமெரிக்கக் கடற்படை 'பொன்ஸ்' எண்ட கப்பலில ஒரு லேசரைப் பொருத்தினது. அது 30 கிலோவாற்று. ஆனா சுதந்திர இலத்திரன் லேசர் இல்லை. கண்ணாடி இழையில வேலை செய்யிற வேற வகை. ஒரு கட்டடத்தை நிரப்புற இயந்திரத்தைக் கப்பலில ஏத்துறதை விட அது லேசு. ஆயுதமாகும் எண்டு காசு குடுத்த லேசர் ஆயுதமாகேல்ல.

கைப்பழக்கம் மட்டும் மிஞ்சினது. கலிபோர்னியாவில ஸ்டான்போர்டுக்குப் பக்கத்தில இருக்கிற ஆய்வுகூடத்தில, மூலக்கூறுகள் அசையிறதைப் படம் பிடிக்கிற எக்ஸ் கதிர் லேசர் ஒண்டு 2009இல் முதல் ஒளி தந்தது. அதன்ர அடுத்த வடிவம், செக்கனுக்குப் பத்து லட்சம் துடிப்பு வரை தரக்கூடியது, 2023 செப்டெம்பரில முதல் ஒளியைத் தந்தது. அதுக்கான குளிரூட்டின ஆர்முடுக்கிப் பகுதிகளில ஒரு பங்கைக் கட்டினது ஜெபர்சன் ஆய்வுகூடம். அதில சிலதைச் சோதிச்சது, பழைய லேசர் இருந்த அதே கட்டடத்தில.

2023இன் அந்த முதல் ஒளியும் நாளைக்குப் பாடப்புத்தகத்தில ஒரு வசனமாகும். வாசிக்கேக்க, அந்த வசனத்துக்குப் பின்னால பம்பு பழுதான கிழமையும் புயல் அடிச்ச கிழமையும் ஒண்டுமே நடக்காத கிழமையும் இருக்கெண்டதை ஞாபகம் வைச்சிருங்கோ. உங்கட குழுவோ, சங்கமோ, சஞ்சிகையோ ஏதாவது ஒண்டைக் கட்டிக்கொண்டு இருந்தா, இந்தக் கிழமை என்ன நடந்தது எண்டு நாலு வரி எழுதி வையுங்கோ. பிறகு வாற ஒருத்தருக்கு அதுதான் வரலாறு.