கொமா யாருக்காகப் பிறந்தது?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கரும்பலகையின் படம் முகநூலில் சுற்றியது. எங்கள் ஆசிரிய பயிலுநர் ஒருவர் கற்பித்தல் பயிற்சிக்காகப் போயிருந்த பாடசாலையில் எழுதிய வசனம் அதில் இருந்தது. "நாய் தன் வாலை ஆட்டியது" என்பதற்கான சின்ன ஆங்கில வசனம்தான். அதில் "தன்" என்ற பொருளில் வரும் "இட்ஸ்" என்ற சொல்லுக்குள் ஓர் அப்பொஸ்திரபி விழுந்துவிட்டது. "இவர்கள்தான் நாளைய ஆங்கில ஆசிரியர்களாம்" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து நின்றன.

அந்தப் பிள்ளை கல்லூரிக்குத் திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இதுதான்: "சேர், இனி போர்ட்ல நான் சொந்தமா ஒண்டும் எழுத மாட்டன். புத்தகத்துல இருக்கிறத வாசிச்சிட்டு வந்துடுவன்."

கல்வியியற் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்துக்கான பயிலுநர்களுக்கு இலக்கணமும் நிறுத்தற்குறிகளும் படிப்பிக்கிற எங்களுக்கு அந்தப் பேச்சு சரியாகச் சுட்டது. எழுதப் பயப்படுகிற ஆசிரியரிடம் படிக்கிற நாற்பது பிள்ளைகளும் எழுதப் பயப்படத்தான் போகிறார்கள். அவர்களில் ஒருவர் பிறகு எங்களிடமே பயிலுநராக வருவார். இந்தச் சங்கிலியை எங்கே அறுப்பது?

அந்த வாரம் இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்பில் ஒரு வரலாற்றைச் சொன்னோம். நமது ஊர்ப் பெற்றோரும் பழைய மாணவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கேயும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

பண்டைய கிரேக்கர்கள் சொற்களுக்கிடையில் இடைவெளி விடாமலே எழுதினார்கள். வாசிக்கிறவர் தானாகத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். கி.மு. 200ஐ ஒட்டிய காலத்தில், எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்தொபனிஸ் என்ற அறிஞர், வரியின் அடியிலும் நடுவிலும் உச்சியிலும் என மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையொன்றை ஏற்படுத்தினார். எங்கே கொஞ்சம் நிறுத்துவது, எங்கே முழுதாக நிறுத்துவது என்று உரத்து வாசிப்பவருக்குக் காட்டுவதே அந்தப் புள்ளிகளின் வேலை. "கொமா", "கோலன்" என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் அன்று அவை குறிகளின் பெயர்களல்ல, பேச்சின் சிறிய பெரிய துண்டுகளின் பெயர்கள்.

சொற்களுக்கிடையில் இடைவெளி விடும் வழக்கத்தை ஐரோப்பாவில் நிலைநாட்டியவர்கள் யார் தெரியுமா? இலத்தீனைத் தாய்மொழியாகப் பேசிய ரோமர்கள் அல்ல. கி.பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அயர்லாந்துத் துறவிகள். அவர்களுக்கு இலத்தீன் புத்தகத்தில் படித்த அந்நிய மொழி. ஒட்டிக் கிடந்த எழுத்துகளைப் பிரித்து வாசிக்க அவர்கள் கஷ்டப்பட்டார்கள். கஷ்டப்பட்டவர்களே வழியையும் கண்டுபிடித்தார்கள்.

இனி நமக்கு நெருக்கமான பஸறாவுக்கு வருவோம். இஸ்லாம் அறபுநாட்டுக்கு வெளியே பரவியபோது, அறபைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஏராளமானோர் குர்ஆனை ஓதத் தொடங்கினார்கள். உயிர்க்குறிகள் இல்லாத எழுத்தில் அவர்களுக்குப் பிழை நேர்ந்தது. அதனால் ஹிஜ்ரி முதலாம் நூற்றாண்டில் அபுல் அஸ்வத் அத்துஅலீ வேறு நிற மையினால் புள்ளியிட்டு உயிரொலிகளைக் காட்டினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அடுத்த நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் அதை இன்றைய ஸபர், ஸேர், பேஷ் வடிவங்களுக்குக் கொண்டுவந்தார். நாம் சின்ன வயதில் ஓதும்போது "மீம் போட்டிருக்கு, நில்லு" என்று லெப்பை சொல்லித் தந்த வக்ஃப் அடையாளங்கள் ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸஜாவந்தி என்ற அறிஞரின் முறையைச் சேர்ந்தவை. ஆங்கிலக் கொமாவைப் பார்க்கு முன்பே, எங்கே நின்றால் பொருள் சரியாக வரும், எங்கே நின்றால் பொருள் கெடும் என்று படித்த பிள்ளைகள் நாம்.

அந்த வரிசையில் ஸீபவைஹியைச் சொல்லாமல் விட முடியாது. அறபு இலக்கணத்தின் ஆகப் பெரிய நூலான "அல்கிதாப்" அவருடையது. அவர் அறபியல்ல, பாரசீகர். இளமையில் ஹதீஸ் வகுப்பொன்றில் ஒரு சொல்லின் இறுதி ஒலியைப் பிழையாக உச்சரித்து, ஆசிரியரால் எல்லோர் முன்னிலையிலும் திருத்தப்பட்டார், இனி யாரும் தன்னைப் பிழை பிடிக்காத அளவுக்கு இலக்கணம் படிப்பேன் என்று புறப்பட்டார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் பிரபலமான செய்தி. அன்று அந்த வகுப்பில் கைத்தொலைபேசி இருந்து யாராவது படம் எடுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் பயிலுநர் ஒருவர் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

தமிழுக்கும் இதே கதைதான். ஓலைச்சுவடியில் கொமாவும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. மெய்யெழுத்துக்குரிய புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடமாட்டார்கள். குறில் எகர ஒகரத்தையும் நெடில் ஏகார ஓகாரத்தையும் இன்று நாம் எழுதுவதுபோல் வேறுபடுத்தியவர் என்று சொல்லப்படுகிற வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்தவர். 19ஆம் நூற்றாண்டில் தமிழ் உரைநடைக்குள் நிறுத்தற்குறிகளை ஒழுங்காகக் கொண்டுவந்த ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் தமிழும் படிப்பித்தவர். நம் முன்னோரும் சும்மா இருக்கவில்லை. அறபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளுக்கு மேலதிகப் புள்ளியும் குறியும் இட்டு அறபுத் தமிழை உருவாக்கினார்கள். அறபுமொழியே தன் கொமாவையும் வினாக்குறியையும் ஒழுங்குபடுத்திக்கொண்டது பிந்தித்தான். எகிப்தில் அஹ்மத் ஸகி பாஷா அதற்கென நூல் வெளியிட்டது 1912இல்.

ஒரு மொழியை வெளியிலிருந்து வந்து படித்தவர்களும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்றவர்களுமே குறிகளுக்காக அதிகம் பாடுபட்டார்கள் என்பதை இவற்றிலிருந்து காண்கிறோம். தடுமாறுகிற வாசகனுக்குக் கை கொடுக்கப் பிறந்தவை அவை.

அப்படியானால் அவை எப்படி அடிக்கும் பிரம்பாக மாறின?

ஆங்கிலத்துக்கான முதல் இலக்கண நூலை 1586இல் வில்லியம் புல்லோக்கர் வெளியிட்டார். இலத்தீன் இலக்கணத்தின் அச்சிலேயே ஆங்கிலத்தை வார்க்கப் பார்த்த நூல் அது. 1762இல் ரொபர்ட் லோத் என்ற மதகுரு எழுதிய இலக்கணம் பெரும் புகழ் பெற்றது. ஷேக்ஸ்பியர், மில்டன் போன்றோரின் எழுத்திலிருந்தே பிழைகளை எடுத்துக்காட்டிய நூல் அது! 1795இல் லிண்ட்லி மரே என்பவரின் இலக்கணம் வந்தது. அமெரிக்காவில் சட்டத்தரணியாக இருந்து இங்கிலாந்தின் யோர்க் நகரருகே குடியேறியவர் அவர். அந்த நகரின் பெண்கள் பாடசாலையில் படிப்பித்த இளம் ஆசிரியைகள், தங்களுக்கு இலக்கணம் சரியாகத் தெரியாது, உதவுங்கள் என்று கேட்டதால்தான் அந்த நூலையே எழுதினார். பல இலட்சம் பிரதிகள் விற்ற புத்தகம் பயந்துபோயிருந்த சில ஆசிரியைகளுக்காக எழுதப்பட்டது என்று சொன்னபோது எங்கள் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

நம் நாட்டில் 1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பிறகு ஆங்கிலம் அரச உத்தியோகத்தின் வாசலானது. வாசலில் நின்று ஆளைத் தெரிவுசெய்ய இலக்கணம் வசதியான கருவியாயிற்று. மிஷன் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய நம் சமூகம் அந்த வாசலுக்குப் பிந்தியே வந்தது. சித்திலெப்பை போன்றோர் எவ்வளவு பாடுபட்டு நம்மை அந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பது நாம் அறிந்ததே. 1945இல் இலவசக் கல்வி வந்தது, 1956இல் அரச கரும மொழியும் மாறியது. ஆனாலும் ஆங்கிலத்தின் அதிகாரம் குறையவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த சிங்களப் பெயரே "கடுவ", அதாவது வாள். வெட்டுவதற்கு வைத்திருக்கும் பொருள். அந்த முகநூல் படத்தின் கீழே சிரித்தவர்களின் கையில் இருந்ததும் அதுதான்.

இனி அந்த அப்பொஸ்திரபியைப் பற்றி. "தன்னுடைய" என்ற பொருளில் வரும் "இட்ஸ்" என்ற சொல்லை அப்பொஸ்திரபியோடு எழுதுவது 17ஆம், 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சு நூல்களில் சர்வசாதாரணம். பிறகுதான், "இட் இஸ்" என்பதன் சுருக்கத்துக்கு மட்டும் அப்பொஸ்திரபி என்ற வழக்கம் உறுதியானது. எங்கள் பயிலுநர் செய்த பிழை ஆங்கிலேயரே நீண்ட காலம் எழுதிய வடிவம்.

அதற்காக அது பிழையில்லை என்று சொல்ல வரவில்லை. இன்றைய வாசகன் இன்றைய வழக்கத்தைத்தான் எதிர்பார்க்கிறான். பிழையைத் திருத்தியே ஆக வேண்டும். ஆனால் ஏன் நேர்ந்தது என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். நாங்கள் இப்போது அப்படித்தான் படிப்பிக்கிறோம். மூன்று உதாரணங்கள்:

ஒன்று. "நான் சந்தைக்குப் போனேன், மீன் வாங்கினேன், வீட்டுக்கு வந்தேன்" என்று முழு வசனங்களை வெறும் கொமாவால் ஒட்டி ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இது பெரிய பிழை. ஏன் செய்கிறார்கள்? தமிழில் "போய், வாங்கி, வந்தேன்" என்று வினையெச்சங்கள் தாமாகவே கோத்துக்கொள்ளும், கடைசியில் வரும் வினைமுற்றே வசனத்தை மூடிவிடும். ஓலையில் முற்றுப்புள்ளி இல்லாமல் காலம் தள்ள முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் நிற்பதால் வசனம் முடிந்த இடத்தைப் புள்ளிதான் காட்ட வேண்டும். இதைச் சொன்னவுடன் பாதிப் பேருக்கு விளங்கிவிடுகிறது.

இரண்டு. "மூச்சு விடுகிற இடத்தில் கொமா போடு" என்று நம் எல்லோருக்கும் சொல்லித் தந்தார்கள். மரேயின் நூலிலும் கொமாவைப் போல் இரு மடங்கு அரைப்புள்ளி, அதைப் போல் இரு மடங்கு முக்காற்புள்ளி, அதைப் போல் இரு மடங்கு முற்றுப்புள்ளி என்று நிறுத்தக் கணக்கு இருக்கிறது. குறிகள் குரலுக்காகப் பிறந்தவை என்பதால் வந்த கணக்கு அது. ஆனால் இன்று நாம் வாசிப்பது கண்ணால். "ஜன்னலருகே இருக்கும் பையன்" என்று நீளமாக எழுவாயை எழுதிவிட்டு, மூச்சு வாங்கியதால் ஒரு கொமாவைப் போட்டு, பிறகு "என் தம்பி" என்று பயனிலையை எழுதினால் ஆங்கிலத்தில் அது பிழை.

மூன்று. "பிந்தி வந்த மாணவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்." எல்லா மாணவர்களும் பிந்தி வந்தார்களா, சிலர் மட்டுமா? தமிழ் வசனம் சொல்லாது, சூழலை வைத்து நாம் ஊகிப்போம். ஆங்கிலத்தில் "பிந்தி வந்த" என்ற பகுதிக்கு இருபுறமும் கொமா போட்டால் எல்லோரும் பிந்தி வந்தார்கள், எல்லோருக்கும் தண்டனை. கொமா இல்லாவிட்டால் பிந்தி வந்தவர்களுக்கு மட்டும். குற்றம் செய்யாத பிள்ளை தப்புவதும் மாட்டுவதும் இரண்டு கொமாவில் இருக்கிறது என்று சொன்னால் யாரும் மறக்கமாட்டார்கள்.

சிவப்புப் பேனையையும் கொஞ்சம் அடக்கியிருக்கிறோம். பொருளைக் கெடுக்கும் பிழையை முதலில் திருத்துகிறோம், மற்றவற்றைப் பிறகு. திருத்தும்போது "ஏன்" என்ற கேள்வியைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி, பதிலை அவர்களையே எழுதச் சொல்கிறோம். இதற்கு நேரம் அதிகம் போகிறது, உண்மைதான். பாடத்திட்டம் பின்னால் நின்று துரத்துகிறது. ஆனாலும் விட மனமில்லை.

அந்தப் பிள்ளை அடுத்த முறை கற்பித்தல் பயிற்சிக்குப் போனபோது நாங்கள் கடைசி வாங்கில் இருந்து பாடத்தைப் பார்த்தோம். கரும்பலகையில் அவரே சொந்தமாக ஐந்து வசனங்கள் எழுதினார். நான்காவதில் ஒரு கொமா விடுபட்டிருந்தது. ஒரு மாணவி எழும்பி, "டீச்சர், அதுல கொமா வரணும் தானே?" என்று கேட்டாள். அவர் ஒரு கணம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த மாணவியின் கையில் சோக்கைக் கொடுத்து, "நீங்களே வந்து போடுங்க. ஏன் வரணும் எண்டும் சொல்லுங்க" என்றார்.

உங்கள் பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியில் ஒரு பிழையைக் கண்டால் அதைப் படம் எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேளுங்கள். பிள்ளையின் ஆசிரியர் எழுதியதில் பிழையைக் கண்டால் பாடசாலைக்குப் போய் அவரிடமே மெதுவாகச் சொல்லுங்கள். அவர்தான் நாளைக்கும் அந்தக் கரும்பலகையின் முன்னால் நின்று எழுத வேண்டும்.