முனை முதல் முனை வரை: மரக்காணம் கரையும் ஒரு சோதனையின் வரலாறும்

மென்பொருள் துறையில் 'எண்ட் டு எண்ட் டெஸ்ட்' என்று ஒரு சோதனை உண்டு. நிரலின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே சரியாக இயங்கினால் மட்டும் போதாது. பயனர் பொத்தானை அழுத்துவது முதல் அவருக்கு விடை வந்து சேர்வது வரை முழுப் பாதையும் சரியாக உள்ளதா என்று பார்ப்பதே இச்சோதனை. நிறுவனத்தின் எல்லா நிரல்களும் ஒரே களஞ்சியத்தில், அதாவது மோனோரெப்போவில், இருந்தால் இத்தகைய சோதனைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் நேரம் போதாது என்பதால் அவற்றைப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்கள். இணைய உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் என்ற கருவி 2004ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்தது. அதைப் பல கணினிகளில் ஒருசேர இயக்கும் செலினியம் கிரிட் 2008இல் வந்தது.

அதே 2004ஆம் ஆண்டின் இறுதியில், யாரும் முன்பு சோதித்துப் பார்த்திராத ஒரு முழுப் பாதை தமிழகக் கரையில் அறுந்து போனது.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28க்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அலை தமிழகக் கரையைத் தொட்டது. மரக்காணத்தில் அது மழைக்காலம்; உப்பளங்களில் வேலை ஓய்ந்திருக்கும் பருவம். கரையோர மீனவர் குப்பங்களுக்கோ அந்த ஓய்வு கிடையாது.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதே இங்கு முக்கியம். ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நிலநடுக்கம் நடந்த 15 நிமிடங்களில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் சொல்ல வழி எதுவும் ஏற்படுத்தப்பட்டிருக்கவில்லை. கார் நிகோபார் விமானப்படைத் தளத்திலிருந்து தகவல் சென்னைப் பக்கம் வந்தது. தில்லியில் வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல், பதவியில் இருந்த அமைச்சருக்குப் போகாமல் முந்தைய அமைச்சரின் முகவரிக்குப் போனதாகச் செய்தித்தாள்கள் எழுதின. தனித்தனியே பார்த்தால் கருவி வேலை செய்தது, தொலைநகல் வேலை செய்தது. முழுப் பாதை மட்டும் வேலை செய்யவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் அன்று நடந்தது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைக்கப்பட்டதல்ல. கடல் நிலவரமும் அலை உயரமும் சொல்லும் அன்றாடக் கருவி அது. தினமும் பேசியதால்தான் அன்றைக்கும் பேசியது! கணினிக்காரர்கள் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்று பெரிய பெயர் சூட்டிச் செய்வதை நல்லவாடு பெயர் சூட்டாமலே செய்துகொண்டிருந்தது எனலாம்.

2007 அக்டோபர் 15 அன்று ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. நில அதிர்வுமானிகள், கடலடி அழுத்தமானிகள், ஓதமானிகள் ஆகியவை அதன் ஒரு முனை. கரையில் நிற்கும் மனிதர் மறு முனை. இடையே தில்லி, மாநில அரசு, மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர், ஊர் என்று படிகள். இப்பாதையைச் சோதிக்கவே இந்தியப் பெருங்கடல் நாடுகள் 'ஐஓவேவ்' ஒத்திகையைத் தொடங்கின. முதலாவது 2009 அக்டோபர் 14 அன்று, 2004 நிலநடுக்கத்தையே மாதிரியாக வைத்து நடந்தது.

எல்லாக் கரைகளையும் ஏன் ஒரே நாளில் சோதிக்க வேண்டும்? மாவட்டம் மாவட்டமாகச் செய்தால் சுலபம்தான். ஆனால் அலை வரிசையில் நின்று வராது. நாகப்பட்டினமும் கடலூரும் மரக்காணமும் ஒரே சமயத்தில் தொலைபேசியை எடுக்கும்போது இணைப்பு தாங்குமா என்பது ஒரே நேரத்தில் சோதித்தால்தான் தெரியும். 2016 செப்டம்பர் 7 அன்று சுமத்ரா, மறுநாள் மக்ரான் என்று இரு கற்பனை நிலநடுக்கங்களை வைத்து ஒத்திகை நடந்தது. கிழக்குக் கரைக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று.

உண்மைச் சோதனை 2012 ஏப்ரல் 11 அன்று வந்தது. சுமத்ரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம். தமிழகக் கரையில் மக்கள் வெளியேறினார்கள். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் என்பதால் பெரிய அலை எழவில்லை. 2004இல் கிடைக்காத தகவல் இம்முறை நேரத்தில் கிடைத்தது.

பல சோதனைகளை ஒருசேர ஓட்டுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒன்று மற்றொன்றில் கலந்துவிடக் கூடாது. சோதனை நிஜத்தில் கலக்கவே கூடாது. 2018 பிப்ரவரி 6 அன்று அமெரிக்காவில் வழக்கமான சுனாமி சோதனைச் செய்தி ஒன்று, கைபேசிச் செயலி வழியாக உண்மை எச்சரிக்கையாகவே மக்களைச் சென்றடைந்து பீதியைக் கிளப்பியது. ஒத்திகைச் செய்திகள் அனைத்திலும் 'பயிற்சி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது ஒன்று, ஆள் மேட்டுக்குப் போனாரா என்று பார்ப்பது வேறு. 2020இல் கொரோனா காரணமாக முதலாவது மட்டுமே நடந்தது. அதே ஆண்டு ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி ஆகிய இரு ஊர்கள் இரண்டாவதிலும் தேறி, யுனெஸ்கோவின் 'சுனாமி ரெடி' தகுதியைப் பெற்றன. 2024இல் மேலும் 24 ஒடிசா ஊர்கள் சேர்ந்தன.

மரக்காணத்தில் இக்கணக்கு சற்றுச் சிக்கலானது. இங்கே கடலை நம்பிப் பிழைப்போர் எல்லோரும் குப்பத்தில் இருப்பதில்லை. உப்புப் பருவம் ஜனவரியில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீளும். அப்போது தொழிலாளர்கள் பக்கிங்காம் கால்வாய்க்கும் கழுவெளிக்கும் நடுவே பரந்த வெட்டவெளிப் பாத்திகளில் நிற்பார்கள். 2020இல் மரக்காணம் அருகே கரை கடந்த நிவர் புயலுக்குச் சில நாட்கள் முன்பே அறிவிப்பு வந்தது. அதுவும் உப்பு வாராத நவம்பரில். சுனாமிக்கோ இரண்டு மணி நேரம்தான். அதில் பாதி அலுவலகங்களிலேயே கழிந்தாலும், மீதி நேரத்தில் குப்பத்துக்கு ஓர் ஒலிபெருக்கி போதும். கடைசிப் பாத்தியில் உப்பு வாருபவருக்கு யார் போய்ச் சொல்வது என்பதையும் சேர்த்து ஒத்திகை பார்த்தால்தான் அது முனை முதல் முனை வரை ஆகும்.