ஃபென்டர் டீலக்ஸ் ரிவெர்ப்

ஃபென்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஃபென்டர் நிறுவனம் 1963 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய, வெற்றிடக் குழல்களால் இயங்கும் மின் கித்தார் பெருக்கி ஆகும். இதன் வெளியீட்டுத் திறன் 22 வாட்டு. பெருக்கியும் 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்றும் ஒரே மரப்பெட்டிக்குள் அமைந்துள்ளன. மெல்ல மீட்டினால் தெளிவாகவும், வன்மையாக மீட்டினால் சற்றுக் கரகரப்பாகவும் ஒலிப்பதால், மீட்டுபவரின் விரலழுத்தத்திற்கு உடனுக்குடன் இசைந்துகொடுக்கும் பெருக்கி என இது பெயர்பெற்றது. திரிதடையங்கள் பரவிய பின்னர் பழையதென ஒதுக்கப்பட்ட இத்தகைய பெருக்கிகள் பின்னர் மீண்டும் நாடப்பட்டன.

வரலாறு

லியோ ஃபென்டர் 1946 இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் தம் பெயரிலான நிறுவனத்தைத் தொடங்கினார். எதிர்முழக்கத்தை உண்டாக்கும் சுருள்வில் கருவியை இந்நிறுவனம் 1961 இல் தனிப் பெட்டியாக விற்றது. 1963 இல் வெளிவந்த வைப்ரோவெர்ப், அவ்வசதி உள்ளேயே அமைந்த முதல் ஃபென்டர் பெருக்கியாகும். அதே ஆண்டில் டீலக்ஸ் ரிவெர்ப் வெளிவந்தது. முகப்புப் பலகை கறுப்பாக இருந்ததால் அக்காலப் பெருக்கிகள் பிளாக்ஃபேஸ் எனப்படுகின்றன.

1965 சனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபென்டரை 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு வாங்கியது. 1960களின் இறுதியில் முகப்புப் பலகை வெள்ளி நிறத்திற்கு மாறியது. 1982 இல் டீலக்ஸ் ரிவெர்ப் II என்னும் வேறொரு வடிவமைப்பு இதன் இடத்தைப் பிடித்தது.

அமைப்பு

இப்பெருக்கியின் புகழ்பெற்ற மின்சுற்று ஏபி763 எனக் குறிக்கப்படுகிறது. அதன் முதன்மை உறுப்புகள் வருமாறு:

* முன்பெருக்கியிலும் துணைச் சுற்றுகளிலும் நான்கு 12ஏஎக்ஸ்7 குழல்களும் இரண்டு 12ஏடி7 குழல்களும்
* வெளியீட்டில் இரண்டு 6வி6ஜிடி குழல்கள்
* மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் ஜிஇசட்34 குழல்
* 8 ஓம் ஒலிபெருக்கி

நார்மல், வைப்ரேட்டோ என இரு தடங்கள் உள்ளன. எதிர்முழக்கம் இரண்டாவது தடத்திற்கு மட்டுமே உண்டு. வைப்ரேட்டோ என்னும் பெயர் பொருத்தமானதன்று. இச்சுற்று சுருதியை மாற்றுவதில்லை, ஒலியின் அளவையே ஏற்றி இறக்குகிறது. நியான் விளக்கு ஒன்று மின்னுவதற்கேற்பத் தடை மாறும் ஒளியுணர் மின்தடையால் இது நிகழ்கிறது.

ஒலியின் தெளிவு

கித்தாரின் ஒலியெடுப்பிகள் உயர் மின்மறுப்புக் கொண்டவை. பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு ஏறத்தாழ 10 இலட்சம் ஓம் ஆகையால் அவற்றின் மீது சுமை ஏறுவதில்லை. உயர் அதிர்வெண்கள் மங்காமல் வந்துசேர்கின்றன. தொனிக் கட்டுப்பாட்டுச் சுற்று நடு அதிர்வெண்களைத் தாழ்த்துவதால் தந்திகளின் ஒலி ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே கேட்கிறது. வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பும் எதிர்ப் பின்னூட்டம் உருக்குலைவைக் குறைக்கிறது.

மீட்டலுக்கு ஈடுகொடுத்தல்

குறிப்பலை எல்லையை மீறும்போது பெருக்கியால் அதன் முகடுகளை முழுமையாகப் பெருக்க இயலாது. பின்னூட்டம் மிகுந்த திரிதடையப் பெருக்கிகளில் முகடு சட்டென வெட்டப்படும். பின்னூட்டம் மிதமாக உள்ள குழல் பெருக்கியில் முகடு படிப்படியாகத் தட்டையாகிறது. ஆகவே தெளிவுக்கும் கரகரப்புக்கும் இடையே பரந்த இடைநிலை கிடைக்கிறது. அவ்விடைநிலையில் கித்தாரின் ஒலியளவுக் குமிழைச் சற்றுக் குறைத்தாலே ஒலி மீண்டும் தெளிவாகும்.

வன்மையாக மீட்டும் கணத்தில் மின்வழங்கியின் மின்னழுத்தம் சிறிது தாழ்ந்து பின் மீள்கிறது. இதனால் ஒலியின் தொடக்கம் மென்மையாகிறது. குழல் பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு ஒப்பீட்டளவில் மிகுதியாதலால், ஒலிபெருக்கியின் கூம்பு இறுகப் பிடிக்கப்படாமல் அசைகிறது.

குழல்கள் இரட்டைச் சீரிசைகளைத் தருவதாலேயே இனிமையாக ஒலிக்கின்றன என்பது பரவலான கருத்து. இது முழுமையானதன்று. இப்பெருக்கியில் இரு வெளியீட்டுக் குழல்கள் எதிரெதிராக இயங்குவதால், அவை உருவாக்கும் இரட்டைச் சீரிசைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன.

பழைய கருவிகளை மீட்டெடுத்தல்

பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த பெருக்கி மங்கலாக ஒலித்தால், குறை பெரும்பாலும் வடிவமைப்பில் இல்லை. முதுமையடைந்த உறுப்புகளிலேயே உள்ளது. மின்வழங்கியின் மின்பகு மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்துவிடும். அப்போது இரைச்சல் கூடும், தாழ்சுருதிகள் தளரும், சுரத்தோடு தொடர்பற்ற மெல்லிய ஒலியும் சேர்ந்து கேட்கும். இணைப்பு மின்தேக்கிகள் கசிந்தால் வெளியீட்டுக் குழல்களின் சார்பு மின்னழுத்தம் குலைந்து அவை அளவுக்கு மீறிச் சூடாகும். இவற்றை மாற்றி, குழல் தாங்கிகளைத் துப்புரவாக்கி, சார்பு மின்னழுத்தத்தைச் சரிசெய்தால் பழைய ஒலி பெருமளவு திரும்பும். ஒலியெல்லாம் பழைய உறுப்புகளில்தான் உள்ளது என நம்பி, பழுதான மின்தேக்கிகளை அப்படியே விட்டுவைப்பது மின்மாற்றியையே எரித்துவிடக்கூடும்.

எச்சரிக்கை: இப்பெருக்கியின் உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உள்ளது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னூட்டம் தங்கியிருக்கலாம். பயிற்சி பெற்றவரே இதனைத் திறக்கவேண்டும்.

மறுவெளியீடுகள்

1985 இல் ஃபென்டர் நிறுவனம் சிபிஎஸ் வசமிருந்து அதன் ஊழியர்கள் அடங்கிய குழுவின் கைக்கு மாறியது. 1993 இல் 1965 ஆம் ஆண்டின் மாதிரி மீண்டும் வெளியிடப்பட்டது. மூலக் கருவிகளில் உறுப்புகள் கையால் பற்றவைக்கப்பட்டிருந்தன. மறுவெளியீட்டில் அச்சிட்ட சுற்றுப்பலகை பயன்படுத்தப்பட்டது.

2019 இல் வெளிவந்த டோன் மாஸ்டர் வடிவத்தில் குழல்களே இல்லை. அது மூலப் பெருக்கியின் நடத்தையை எண்முறையில் கணித்து ஒலிக்கச் செய்கிறது. அதன் எடை ஏறத்தாழ 10 கிலோகிராம். குழல் வடிவத்தின் எடை ஏறத்தாழ 19 கிலோகிராம். 22 வாட்டுக் குழல் பெருக்கியைப் போல ஒலிக்க அதற்கு 100 வாட்டுத் திறனுள்ள வெளியீட்டுச் சுற்று தேவைப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

* வெற்றிடக் குழல்
* மின் கித்தார்
* எதிர்முழக்கம்