நிற்க ஓர் இடம்: கேரவன், சத்திரம், லாரி

'கேரவன்' என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரம் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஏ.சி. வண்டி. பாரசீகத்தில் 'கார்வான்' என்பது சேர்ந்து பயணம் போகும் கூட்டத்தைக் குறித்த சொல். கூட்டத்தைச் சுட்டிய சொல், கூட்டத்திடமிருந்து ஒதுங்கும் அறையைச் சுட்டுவதாக எப்படி மாறியது? இந்தச் சொல்லின் பயணத்துக்குள் ஒரு சமூக வரலாறே இருக்கு.

இதன் உச்ச வடிவம் அமெரிக்காவின் சொகுசு வண்டிக் குடியிருப்பு. கலிபோர்னியாவின் இண்டியோ போன்ற பாலைவன ஊர்களில், குளிர்காலத்தில் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்ற தம்பதிகள் பஸ் அளவு வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சிமெண்டுத் தளம், மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய். சாயங்காலமானால் வண்டிப் பக்கவாட்டிலிருந்து பந்தலை இழுத்துவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். கோல்ஃப் வண்டியில் போகிறவர் நிறுத்தி 'எந்த ஊர்?' என்று கேட்பார். அடுத்த கேள்வி வண்டி என்ன மாடல் என்பதாக இருக்கும். பிறகு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூட்டு விருந்து, சீட்டாட்டம், நாய்களின் நலவிசாரணை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கு. அடுப்பு, குளியலறை, படுக்கை எல்லாம் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டபிறகு பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்டு வாங்க எதுவுமே மிச்சமில்லை. தேவை ஒழிந்த இடத்தில் உறவை நிகழ்ச்சி நிரல் போட்டுத் தயாரிக்க வேண்டியிருக்கு. உறவாட யார் தகுதியானவர் என்பதையும் வாசலிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். சில இடங்களில் பஸ் வடிவ வண்டிக்கு மட்டுமே அனுமதி. பல இடங்களில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பழைய வண்டி நுழைய முடியாது. அப்படியானால் இங்கே விலைபோவது வண்டியா? என் வாசிப்பில், நிம்மதியாக நிற்கும் உரிமைதான் உண்மையான சரக்கு. யாரும் வந்து 'கிளம்பு' என்று சொல்லமாட்டார்கள் என்ற உத்தரவாதம்.

இதை அமெரிக்க நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் நூறு பேருக்கு மேற்பட்ட பரிவாரத்தோடு காசிக்குக் கிளம்பினார். பல்லக்கு, கூடாரம், சமையல்காரர், சுமைதூக்குவோர் என்று ஒரு வீடே நகர்ந்து போனது. திருப்பதி, கடப்பை, ஐதராபாத், நாக்பூர் வழி. 1831 செப்டம்பரில் திரும்பிவந்தார். தெலுங்கில் 1838இல் அச்சான அவருடைய காசியாத்திரை நூலில் ஊர் ஊராக வரும் தகவல்கள்: இறங்க இடம் உண்டா, தண்ணீர் எப்படி, கடையில் சாமான் கிடைக்குமா. இன்றைய வண்டிக்காரரின் வழிகாட்டி நூலும் இதைத்தான் சொல்கிறது. வீராசாமிக்குச் சத்திரங்கள் திறந்தன. சத்திரம் தர்மம்தான். ஆனால் யாருக்கு உள்ளே இலை, யாருக்குத் திண்ணை, யாருக்கு அதுவும் இல்லை என்பதைச் சாதி தீர்மானித்தது. கலெக்டர்களின் 'கேம்ப்' அதே ஏற்பாட்டின் அரசாங்க வடிவம். துரை வந்து சேருமுன் அடுத்த கூடாரம் தயாராக நிற்கும்.

அதே பாதைகளில் வேறொரு கார்வானும் போய்க்கொண்டிருந்தது. கடற்கரை உப்பைக் கழுதைகளிலும் மாடுகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்தோடு திரும்பிய குறவர்கள், தெலுங்கில் எருகுலர்கள். ஊருக்கு வெளியே முகாம் போட்டு வாழ்ந்தவர்கள். ரயில் பாதையும் அரசின் உப்புக் கொள்கையும் இந்த வணிகத்தை எப்படி அழித்தன என்பதை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார். பிழைப்பு போனபிறகு பட்டமும் வந்தது. வட இந்தியாவில் 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பேரைப் பதியணும், போலீசில் ஆஜராகணும், வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளில் அடைத்து வைக்கப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது, சந்தேகம் நீங்கவில்லை. துரை கூடாரம் அடித்தால் அது நிர்வாகம். குறவர் கூடாரம் அடித்தால் அது குற்றம்.

அமெரிக்காவும் இதற்கு விலக்கில்லை. கருப்பின மக்கள் சாலைப் பயணத்தில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்கே 1936 முதல் 1960களின் நடுப்பகுதிவரை 'கிரீன் புக்' என்ற தனிக் கையேடு தேவைப்பட்டது. 2008 நெருக்கடிக்குப்பின் வீடிழந்து, வண்டியிலேயே வாழ்ந்தபடி கிடங்குகளில் கூலிவேலை பார்த்த முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் 'நோமட்லேண்ட்' எழுதினார். அதே வயது, அதே நெடுஞ்சாலை. ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு விரட்டல்.

இப்போ புதுவாயலுக்கு வருவோம். இங்கிருந்து மேற்கே பிரியும் சாலை பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் போகிறது. ஆடி மாசத்தில் வட சென்னையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பு கூண்டு கட்டிய மாட்டு வண்டிகள்; இப்போது பெரும்பாலும் வேன், சின்ன லோடு வண்டி. ஆரணியாற்றங்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கல்லைக் கூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். வேப்பிலை ஆடை, கோழி, ஆடு, இரவுத் தூக்கம் எல்லாம் வெட்டவெளியில்தான். 'அக்கா, கொஞ்சம் நெருப்பு குடுங்க' என்பதில் பேச்சு தொடங்கும். விருந்துக்கு நிரல் எதுவும் வேண்டியதில்லை. இதைச் சமத்துவபுரி என்று நான் கொண்டாடப் போவதில்லை. சாதியும் வண்டி ஏறித்தான் வரும். கழிப்பறைக்குப் பெண்கள் படும்பாடு தனிக்கதை. ஆனாலும் வண்டியின் வயசைக் கேட்டு யாரும் வாசலில் மறிப்பதில்லை.

திருவிழா முடிந்தபிறகும் இங்கே வண்டியில் வாழ்கிறவர்கள் உண்டு. பழைய எண் 5, இப்போதைய எண் 16 தேசிய நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் துறைமுகங்களுக்கும் போகிற லாரிக்காரர்கள். கேபினுக்குள் படுக்கை, சாமி படம், துவைத்துக் காயப்போட்ட லுங்கி. சரக்கு இறக்க முறை வரும்வரை சாலையோரத்தில் ஸ்டவ் மூட்டிச் சமைப்பார்கள். நாமக்கல்காரரும் ஒடிசாக்காரரும் அரைகுறை இந்தியில் டீசல் விலையையும் மகள் கல்யாணத்தையும் பேசிக்கொள்வார்கள். ஓடும் வீடு இது. ஆனால் நிற்க இடமில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவில் நிற்க வேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை தரணும் என்றது. ஆனால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்துக்குத்தான். ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் ஓட்டுபவர் அந்த வரம்புக்கு வெளியே விழுந்துவிட்டார். 2025 அக்டோபருக்குப்பின் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. நல்லதுதான். அதன் கணக்கையும் கவனிக்கணும்: ஓடும்போது குளிர்ச்சி தந்தால் இன்னும் அதிகம் ஓட்டலாம்.

இதே காலத்தில் கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வண்டி வாங்க மானியமும் தந்தது. கேரவன் பூங்காவில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதி, பாதுகாப்பு எல்லாம் இருக்கணும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் இந்தச் சாலையோரத்தில் இரவு நிற்கும் லாரிக்காரருக்கும் வேண்டியதுதான். சுற்றுலாப் பயணி கேட்டால் 'உள்கட்டமைப்பு' ஆகும் ஒரு குழாயும் கழிப்பறையும், லாரிக்காரர் கேட்டால் மட்டும் 'போக்குவரத்து இடைஞ்சல்' ஆவது எப்படி என்று நாம் கேட்டாகணும்.