பூவா, இரண்டு இலையா? கோவா மக்கள் சொன்ன பதில்



தேர்தல் வந்தாலே நம் குடும்பக் குழுவில் ஒரு வாக்குவாதம் வரும். "அந்தக் கட்சிக்குத்தானே ஓட்டுப் போட்டாய்? அப்போது அவர்கள் செய்வதற்கெல்லாம் நீயும் சம்மதம்தானே?" என்று யாராவது மடக்குவார்கள். போன வாரமும் நடந்தது. இந்தக் கேள்விக்குக் கோவா மக்கள் 1967லேயே பதில் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் கோவா என்றால் 1961 டிசம்பர் 19, போர்ச்சுகீசியர் வெளியேறினார்கள் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். உண்மையில் கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது.

1963 டிசம்பரில் கோவாவில் முதல் சட்டசபைத் தேர்தல். மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. சுரங்க முதலாளியான தயானந்த் பந்தோட்கர் முதலமைச்சர் ஆனார். கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்ப்பதே அந்தக் கட்சியின் முதல் கொள்கை, பெயரிலேயே அது இருக்கிறது. "நாங்கள் ஜெயித்துவிட்டோம், ஆகவே மக்கள் இணைப்பைக் கேட்கிறார்கள்" என்றார்கள். எதிர்க்கட்சியான ஐக்கிய கோவா கட்சியின் தலைவர் ஜாக் டி செக்வேரா ஒப்பவில்லை. ஆட்சிக்கு ஒரு ஓட்டு, இணைப்புக்குத் தனியாக ஓர் ஓட்டு வேண்டும் என்பது அவர் கட்சியின் வாதம். காங்கிரஸின் புருஷோத்தம் காகோட்கரும் இதற்காக டில்லியில் விடாமல் பேசினார். கடைசியில் 1966 டிசம்பரில் நாடாளுமன்றம் கருத்துக் கணிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இது டிவிக்காரர்கள் எடுக்கும் கணிப்பு அல்ல, வாக்குச்சாவடியில் முறையாக நடந்த வாக்கெடுப்பு.

ஓட்டு நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காகப் பந்தோட்கர் மந்திரிசபை முன்னதாகவே ராஜினாமா செய்தது. இன்று இதை நினைத்துப் பார்க்க முடிகிறதா!

கேள்வி ஒன்றுதான். மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, யூனியன் பிரதேசமாக இருப்பதா? சேர்வதற்குப் பூ சின்னம், தனித்து இருப்பதற்கு இரண்டு இலைகள். (நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு ஆறு வருடம் முந்திய இலைகள் இவை.) தனி மாநிலம் வேண்டும் என்று சொல்ல அந்தச் சீட்டில் இடமே இல்லை. வெளியூரில் பிழைக்கப் போன கோவாக்காரர்களுக்கும் ஓட்டு கிடையாது.

பிரச்சாரம் வீட்டுக்கு வீடு நடந்தது. மகாராஷ்டிரத் தலைவர்கள் பலர் பூவுக்கு ஆதரவு. 'கோமந்தக்' என்ற மராத்தி நாளிதழும் அந்தப் பக்கமே. கொங்கணி தனி மொழி அல்ல, மராத்தியின் கிளைமொழி என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பக்கம் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. இணைப்பை எதிர்த்து மராத்தியிலேயே 'ராஷ்ட்ரமத்' என்ற நாளிதழ் எழுதியது. கொங்கணிப் பற்று உள்ளவர்கள் மராத்தியில் எழுதுவதா என்று கேட்கலாம். யாருடைய மனத்தை மாற்ற வேண்டுமோ அவர்கள் படிப்பது மராத்தி, அவ்வளவுதான் கணக்கு. உதய் பெம்ப்ரே அதில் 'பிரம்மாஸ்திரம்' என்ற பத்தியை எழுதினார். எழுத்துப் படிக்காதவர்களிடம் உல்ஹாஸ் புயாவின் கொங்கணிப் பாட்டுகள் போய்ச் சேர்ந்தன. மகாராஷ்டிரத்தில் மதுவிலக்கு இருந்த காலம் அது. சேர்ந்தால் கள் இறக்குபவர் பிழைப்பு என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். பெரிய லட்சியத்தைவிட இப்படிப்பட்ட கேள்விகள் சீக்கிரம் உறைக்கும்.

1967 ஜனவரி 16 அன்று வாக்குப்பதிவு. இலைகளுக்கு 1,72,191 ஓட்டு, பூவுக்கு 1,38,170. வித்தியாசம் 34,021. இது கிறிஸ்தவர்கள் மட்டும் போட்ட ஓட்டு என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அங்கே கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். இந்துக்களில் கணிசமானவர்கள் சேராமல் இந்த எண்ணிக்கை வராது.

அதே வருடம் மார்ச்சில் சட்டசபைத் தேர்தல். இணைப்புக் கட்சி தோற்றது, செக்வேரா முதலமைச்சர் ஆனார் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? இல்லை. பந்தோட்கர் கட்சியே மறுபடி ஜெயித்தது! அவரே 1973இல் இறக்கும்வரை முதலமைச்சர்.

காரணம் இல்லாமல் இல்லை. குத்தகை விவசாயிகளும் பின்தங்கிய சாதியினரும் அவரைத் தங்கள் மனிதராகப் பார்த்தார்கள். அவர் ஆட்சியில் 1964இல் குத்தகைச் சட்டம் வந்தது. கிராமங்களில் ஆரம்பப் பள்ளிகள் திறந்தன. (வாத்தியார் என்பதால் இதற்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.) இணைப்பை விரும்பியவர்களையும் துரோகிகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. தனிக் கோவா என்றால் பழைய நிலக்கிழார்களின் கோவாவாகவே இருந்துவிடுமோ என்ற பயம் அவர்களில் பலருக்கு இருந்தது. அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. அந்த மக்களில் ஒரு பகுதியினர் ஜனவரியில் அவருடைய கொள்கையைத் தள்ளிவிட்டு, மார்ச்சில் அவரையே முதலமைச்சராக வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் பிரித்துக் கேட்டதால்தான் பிரித்துப் பதில் சொல்ல முடிந்தது.

அன்று சீட்டில் இடம்பெறாத மூன்றாவது பதில் 1987 மே 30 அன்று வந்தது. கோவா தனி மாநிலமானது. அதே வருடம், அதற்குச் சில மாதங்கள் முன்பே, கொங்கணி அங்கே ஆட்சிமொழி ஆகியிருந்தது.