விசையும் சொல்லும்

துப்பாக்கியின் வரலாற்றைப் புரட்டும்போது, அதனோடு இணைபிரியாமல் நடந்துவரும் மற்றொரு வரலாற்றையும் நாம் காண்கிறோம். அது துப்பாக்கியைச் சொற்களால் கட்ட முயன்ற சட்டத்தின் வரலாறு. இவ்விரண்டும் மோதிய களங்களுள் அமெரிக்க நாடு குறிப்பிடத்தக்கது.

1862-இல் ரிச்சர்டு காட்லிங் என்பவர், கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பல குழல்கள் சுழன்று தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவரே பலருக்கு ஈடாகச் சுட்டால் பெரும்படைகள் தேவைப்படா. போரிலும் நோயிலும் மடிவோர் குறைவர் என்று அவர் பின்னர் விளக்கம் எழுதினார். நல்ல நோக்கம் கருவிக்குக் காவல் நிற்பதில்லை என்பதற்கு அதன்பின் நிகழ்ந்த போர்களே சான்று.

1934-இல் அமெரிக்கப் பேராயம் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை இயற்றியது. மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கும்பல்களின் கொடுமையே அதற்குத் தூண்டுகோல். இயந்திரத் துப்பாக்கிக்கும், குழல் குறுக்கப்பட்ட நீள் துப்பாக்கிக்கும் பதிவும் 200 டாலர் வரியும் கட்டாயமாயின. முதல் வரைவில் கைத்துப்பாக்கியும் இடம்பெற்றிருந்தது. நீள் துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கிபோல் மறைத்துச் செல்வதைத் தடுக்கவே குழல் நீள விதி. எதிர்ப்பினால் கைத்துப்பாக்கி நீக்கப்பட்டது. துணைவிதி மட்டும் நிலைத்தது. வேலியைப் பிடுங்கியபின் அதற்கு இட்ட முட்டுக்கால் நிற்பதைப் போன்றது இது.

விசையின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தானாகச் சுடுவதே இயந்திரத் துப்பாக்கி என்பது சட்டத்தின் வரையறை. கையால் சுற்றும் காட்லிங் துப்பாக்கி இதில் அடங்காது என்று 1955-இல் அதிகாரிகள் முடிவு செய்தனர். பிற்காலத்தில் 'பம்ப் ஸ்டாக்' எனும் சாதனம் தோன்றியது. தோளில் அணைக்கும் கட்டைக்கு மாற்றாக இதைப் பொருத்தினால், சுடும் அதிர்வில் துப்பாக்கி முன்னும் பின்னும் நகர, அசையாத விரலில் விசை மீண்டும் மீண்டும் மோதும். இதுவும் வரையறைக்குப் புறம்பானதே என 2010-இல் உரிய துறை கடிதம் வழங்கியது.

2017 அக்டோபர் 1 இரவு, லாஸ் வேகாஸ் நகரில் இசை கேட்கத் திரண்டிருந்தோர்மீது, இச்சாதனத்தின் துணையோடு ஒருவன் ஏறத்தாழ 10 நிமிடங்களில் 1000-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தான். பின்னர்க் காயங்களால் இறந்தோரையும் சேர்த்து 60 பேர் மாண்டனர். 2018 டிசம்பரில் அரசு விதி வகுத்து அச்சாதனத்தைத் தடை செய்தது. 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அவ்விதியைத் தள்ளியது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியே இயங்குகிறது என்றனர் அறுவர். சுடுபவர் விசையை ஒருமுறை இயக்கியபின் துப்பாக்கியை முன்னோக்கி அழுத்தினாலே போதும். ஆகவே அது இயந்திரத் துப்பாக்கியே என்றனர் மூவர்.

அறுவரை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. நன்மைக்காக இன்று சொல்லை நீட்டும் அதிகாரி, நாளை தீமைக்காகவும் நீட்டக்கூடும். சொல்லின் எல்லையைக் காப்பதும் ஒரு நீதியே. ஆனால், சொல் போதாதபோது புதுச்சொல் எழுதும் கடமை பேராயத்துடையது. கொலை நிகழ்ந்த நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. சட்டத்தில் ஒரு வரியைச் சேர்க்க அக்காலம் போதும், அவ்வரி எழுதப்படவில்லை.

சட்டம் தடுக்காததெல்லாம் தகும் என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் உண்டு. விசையை யார் எத்தனை முறை இயக்கினார் என்பதைச் சட்டம் எண்ணட்டும். மாண்டவர்களை எண்ண வேண்டியவர்கள் நாம்.